எடையில் குறைந்த சீட்டுக்கட்டு

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று நினைக்காதே. உன் கடிதம் வந்ததிலிருந்து சமையலறையில், பேருந்தில், சோதனை அறையில் என்று எல்லா இடத்திலும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்துவிட்டேன். எங்கே வைத்தாலும் கேள்வியாகவேதான் இருக்கிறது.

உன் அண்ணன் குடிகாரராகவோ கை நீட்டுகிறவராகவோ இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் டிக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “துறைமுகத்துல வேலை, ரெண்டு வருஷம்தான், போகட்டுமா?” என்று கேட்டவர். அந்த இரண்டு வருஷம் ஐந்தானது. முதலில் கடிதம் நின்றது, பிறகு போன். இடையில் எங்கள் இருவருக்கும் சண்டைகூட வரவில்லை. இப்போது உன் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, வரட்டுமா என்று உன் மூலமாகக் கேட்கிறார்.

பதிலை யோசிப்பதற்குள் உன் பார்சலும் வந்தது. பிரித்தால் குறி பார்க்கிற டாரட் அட்டைகள். சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இயற்பியல் படித்துவிட்டு, கடைக்காரர்களின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவதையே தொழிலாகக் கொண்டவளுக்கு நீ சீட்டுக்கட்டு அனுப்பியிருக்கிறாய். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது உனக்கே தெரியும். நீ தினமும் காலையில் இதை வைத்துக்கொண்டு உட்காருவாய் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனை நாள் நான் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வைத்துவிட்டாய்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

சிரிச்சீங்கன்னு எழுதினீங்களே, அதுக்கே தபால் செலவு சரியாப் போச்சு.

நாளைக்கு என்ன நடக்கும்னு அட்டையைக் கேக்காதீங்க. அதுல எனக்கே நம்பிக்கை இல்ல. லாட்டரி விழும்னு ஒரு அட்டையாவது ஒரு நாளாவது சொல்லியிருந்தா, இந்த வீட்டுல இன்னொரு ரூம் கட்டி அண்ணனை அதுல போட்டிருப்பேன்.

என் கண்ணாடிக் கடைக்கு வர்றவங்ககிட்ட சுவத்துல இருக்கிறது என்ன எழுத்துன்னு நான் சொல்ல மாட்டேன். கண்ணு முன்னாடி வில்லையை மாத்தி மாத்திப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?”ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். சொல்ல வேண்டியது அவங்கதான். அட்டையும் அப்படித்தான், அண்ணி. காலையில ஒண்ணே ஒண்ணு எடுங்க. கூட இருக்கிற சின்னப் புத்தகத்துல அர்த்தம் போட்டிருக்கும், அதை உடனே பாக்காதீங்க. படத்துல உங்க கண்ணுக்கு முதல்ல என்ன படுதோ அதை எனக்கு எழுதுங்க. அவ்வளவுதான். ஆரக்கிள் அட்டைன்னு இன்னொரு வகை இருக்கு, அதுல ‘பொறுமை’, ‘மன்னிப்பு’ன்னு வார்த்தையே அச்சடிச்சிருக்கும். அது உங்களுக்கு ஆகாது. யாராவது பொறுமையா இருன்னு சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க.

போன் பண்ணலாமேன்னு நினைப்பீங்க. முன்னறைக்கும் என் அறைக்கும் நடுவுல ஒரு பலகைதான். அண்ணன் புரண்டு படுக்கிறதே எனக்குக் கேக்குது, நான் பேசறது அவருக்குக் கேக்காதா? கிரேன் மெக்கானிக்கை வீட்டுல வெச்சுக்கிறது சாமானியம் இல்ல. குழாயையெல்லாம் இறுக்கிட்டார், இப்ப என்னால ஒண்ணையும் திறக்க முடியல. கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டுட்டார், கதவு சத்தமே இல்லாம திறக்குது, ஒவ்வொரு தடவையும் நான் பயந்து சாகறேன். “ஏண்ணே சும்மா இருக்க மாட்டீங்களா?”ன்னு கேட்டா, “சும்மா இருந்தா உங்க அண்ணி ஞாபகம் வருது”ங்கறார்.

முழங்கால் அப்படியேதான் இருக்கு.

உங்கள்,
வாண்டு

மார்ச் 23

அன்புள்ள வாண்டுக்கு,

நீ சொன்ன முறைப்படி செய்து பார்க்கிறேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று எண்ணாதே. சோதிக்காமல் ஒன்றை மட்டம் தட்டக் கூடாது என்பது நான் கடைக்காரர்களிடம் கடைப்பிடிக்கிற நியாயம். அதை உனக்கும் தருகிறேன்.

முதலில் வந்தது ‘நீதி’. ஒரு பெண் ஒரு கையில் வாளும் மறு கையில் தராசுமாக உட்கார்ந்திருக்கிறாள். என் கண்ணில் முதலில் பட்டது தராசுதான். அதைக் கையிலேயே தூக்கிப் பிடித்திருக்கிறாள். காற்றடித்தால் என்ன ஆகும்? என்னிடம் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொரு நாள் பத்துக் கோப்பைகள். வானவில்லில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன, தூரத்தில் மரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் இந்த நேரத்தில் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு இரண்டு கோப்பைகள். அதிலும் பின்னால் ஒரு வீடு, சிவப்புக் கூரை, ஒரு சரிவு. அந்தச் சரிவில் நடந்து போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் நன்றாக இருக்கும். பூமாலை கட்டிய நான்கு கோல்கள் வந்த அன்று அதன் பின்னே இருந்த கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பேருந்தை விட்டுவிட்டேன்.

மதிய இடைவேளையில் அட்டைகளை அலுவலக மேசையில் வைத்திருந்தபோது, முத்திரை குத்த எனக்கு உதவுகிற அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன மேடம், ரம்மியா?”

“இல்லை.”

“அப்ப கழுதையா?”

“அதுவும் இல்லை. தனியாக உட்கார்ந்து யோசிக்கிறதுக்கு.”

“தனியாவா? அப்ப யாரை ஏமாத்துவீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

தற்செயலாக எடுத்த எந்தப் படமும் மனதில் இருப்பதற்குப் பொருந்தத்தான் செய்யும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்குப் புதிது.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

பத்துக் கோப்பை அட்டையில ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க, பக்கத்துல ரெண்டு குழந்தைங்க ஆடுதுங்க. ரெண்டு கோப்பையில ஒருத்தனும் ஒருத்தியும் எதிரும் புதிருமா நிக்கறாங்க, அந்த அட்டையே அதுக்குத்தான். நாலு கோல்லயும் ஒரு ஜோடி இருக்கு. நீங்க வீட்டை எழுதியிருக்கீங்க, கூரையை எழுதியிருக்கீங்க, சுவத்தை எழுதியிருக்கீங்க. ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கதவைத் திறந்து விளக்குப் போடறதும் தனியாத்தான் போடறீங்க.

நான் அவருக்குத் தங்கச்சி, இதையெல்லாம் கண்டுக்காம விட்டுடலாம். ஆனா கண்ணாடிக் கடைக்காரி பொய் சொன்னா வந்தவங்க சுவத்துல போய் முட்டிக்குவாங்க. அதனால எழுதிட்டேன். இதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லல. நீங்களும் அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணிடாதீங்க, அண்ணி. அண்ணன் நிஜமாவே மாறியிருக்கார். அவர் தட்டை அவரே கழுவறார்.

துறைமுகத்துலருந்து மறுபடி கூப்பிடறாங்களாம். இந்த மாசம் முடியறதுக்குள்ள சொல்லணுமாம். நீங்க வரச் சொன்னா போக மாட்டேங்கறார். புதுச் சட்டை ஒண்ணு வாங்கி அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காம வெச்சிருக்கார். உங்க கடிதம் வந்தா, “என்ன எழுதியிருக்கா?”ன்னு கேக்கறார். “தராசைப் பத்தி எழுதியிருக்காங்க”ன்னேன். “என்னைப் பத்தி?”ன்னு கேட்டார். “அடுத்ததுல எழுதுவாங்க”ன்னு சமாளிச்சுட்டேன்.

உங்கள்,
வாண்டு

ஏப்ரல் 9

வாண்டுக்கு,

அர்த்தம் என்னவென்று எனக்கும் தெரியவில்லை. நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது உண்மை. அதனால்தான் கருவியைச் சோதித்துவிடுவோம் என்று நினைத்தேன். ஒரு அளவு நம்மைத் திடுக்கிட வைத்தால் முதலில் தராசைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் பழகியது அப்படி.

ஆய்வகத்தில் எங்களிடம் இருப்பதிலேயே நுட்பமான தராசில் ஒரு அட்டையைத் தனியாக நிறுத்தேன். பிறகு கட்டு முழுவதையும் வைத்தேன். எழுபத்தெட்டு அட்டைகள் என்று உன் புத்தகம் சொல்கிறது. எடை அந்த அளவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்து இல்லை. மின்னல் விழுந்து இடியும் கோபுரம். குதிரையில் வரும் எலும்புக்கூடு. மூன்று வாள் குத்திய இதயம். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்ளும் பெண். கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு முதுகைக் காட்டியபடி நடந்து போகிறவர்.

முடிவது, உடைவது, விட்டுப் போவது. இவை மட்டுமாகப் பார்த்து ஒரு கட்டிலிருந்து தானே தொலைந்து போகாது, வாண்டு.

எடைக்கல்லின் அடியில் குழியிருக்கும். அதில் ஊற்றியிருக்கும் ஈயத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, மேலே அழுக்கைப் பூசி என்னிடம் கொண்டு வருகிறவர்கள் உண்டு. பார்வைக்குக் கல் கல்லாகவே இருக்கும். நீயும் சுரண்டிய கல்லைக் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே நிறுத்துப் பாருங்க அண்ணி” என்கிறாய். உன் அண்ணன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். என்ன பதில் வர வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுக் கேள்வி கேட்பது உங்கள் வீட்டுப் பழக்கம் போலிருக்கிறது.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

அண்ணி

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னீங்க. எழுதறேன். கிழிச்சுப் போட்டாலும் சரி, படிச்சுட்டுக் கிழிங்க.

கோபுரத்தையும் எலும்புக்கூட்டையும் உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடிதான் எடுத்தேன். தனியா இருக்கீங்க, காலங்காத்தால அது வந்தா மனசு கெட்டுடும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அது பாதிப் பொய். அது வந்தா நீங்க வேண்டாம்னு எழுதிடுவீங்களோன்னுதான் எடுத்தேன். நீங்க சொன்னது சரி. சுரண்டின கல்லுதான்.

மத்த மூணும் அப்படி இல்ல. அது என்னோட பழைய கட்டு. அந்த மூணையும் அண்ணன் உங்களை விட்டுட்டுப் போன வருஷமே எடுத்துட்டேன். அப்ப உங்களுக்காக எடுக்கல, எனக்காக எடுத்தேன். கோப்பையை விட்டுட்டுப் போற அந்த அட்டை காலையில வந்துச்சுன்னா, அன்னிக்கெல்லாம் கடையில யாரு என்ன எழுத்தைப் படிச்சாலும் என் காதுல ஏறாது. இனிமே அண்ணி எழுத மாட்டாங்க, எழுத என்ன இருக்கு, நடுவுல இருந்த ஆணி அண்ணன்தானே, ஆணி போன பின்னாடி படம் எத்தனை நாள் நிக்கும்னு இருக்கும். ரெண்டு மூணு தடவை அதே வந்துச்சு. எடுத்து மேசை டிராயருக்குள்ள போட்டுட்டேன். தனக்குத் தானே திருட்டுச் சீட்டு ஆடினவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அண்ணன் உங்களோட சேரணும்னு நான் ஆசைப்படறது அவருக்காகன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க கடிதம் வந்த பின்னாடிதான் யோசிச்சேன். நீங்க சரின்னா நான் உங்களுக்கு நாத்தனார். வேண்டாம்னா நான் உங்களுக்கு யாரு? இது உங்க தலையில போட வேண்டிய கேள்வி இல்ல. ஆனா அதைத்தான் இத்தனை நாளா வேற மாதிரி கேட்டுக்கிட்டிருந்திருக்கேன்.

அட்டையை எடுத்ததை அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். “நீ எதுக்குடி நடுவுல பூந்தே?”ன்னு திட்டினார். பெறகு அவரே டீ போட்டுக் கொடுத்தார். குடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு.

அஞ்சு அட்டையும் இதோட வெச்சிருக்கேன். இனி உங்க இஷ்டம்.

வாண்டு

ஏப்ரல் 24

அன்புள்ள வாண்டுக்கு,

ஐந்தும் வந்து சேர்ந்தன. கட்டில் சேர்த்து மறுபடி நிறுத்தேன். இப்போது சரியாக இருக்கிறது.

கோபத்தில் உன் குடும்பத்தையே இழுத்துப் பேசினேன். அது அதிகப்படி. நீ செய்தது தப்பு என்பதில் மாற்றமில்லை. ஆனால் என் கடிதத்தில் வீடு இருக்கிறது, ஆள் இல்லை என்று எனக்கு எடுத்துச் சொன்னவளும் நீதான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு லாபம். இரண்டையும் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்று அலுவலகத்துக்கு விடுமுறை. மத்தியானம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கட்டை நன்றாகக் கலைத்து ஒரு அட்டை எடுத்தேன். யாரோ ஒரு கொத்தனார் தேவாலயச் சுவரில் உளி வைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேர் வரைபடத்தைக் காட்டி ஏதோ சொல்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது கொத்தனாராகவேதான் இருந்தது. என் கேள்விக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் அட்டையைத் திருப்புவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கோப்பைகளை விட்டு நடந்து போகிறவர் இப்போது கட்டுக்குள் இருக்கிறார், அவரே வரலாம் என்று நினைத்துக்கொண்டு கையை வைத்தேன். வந்துவிடுமோ என்று பயப்படுவேன் என்றுதான் எதிர்பார்த்தேன். பயம் இல்லை. வந்தால் நன்றாக இருக்குமே என்று இருந்தது. கொத்தனாரைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம், வாண்டு. சந்தேகமில்லாத ஏமாற்றம். பதில் அதிலேயே இருந்தது. எந்தப் படமும் அதைச் சொல்லவில்லை.

உன் அண்ணன் இங்கே திரும்பி வருவது எனக்கு வேண்டாம். அவர் மேல் கோபம் இருந்த காலத்தில் அவரும் இந்த வீட்டில் ஒரு ஓரமாக இருந்தார். கோபம் எப்போது தீர்ந்தது என்று கவனிக்கவில்லை. அதோடு அவரும் போயிருக்கிறார். அவர் தட்டைக் கழுவுகிறார் என்பது நல்ல செய்தி. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது ஒரு தெரிந்தவருக்காகச் சந்தோஷப்படுவது போலத்தான் இருந்தது.

நீ எனக்கு யார் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு என்னிடம் சொல் இல்லை. இந்த ஐந்து வருஷத்தில் உனக்கு எழுதிய கடிதங்களில் அவரைப் பற்றி நான் எழுதியது அநேகமாக ஒன்றும் இருக்காது. உன் முழங்கால், என் அலுவலகம், உன் கடைக்கு வருகிறவர்கள், என் தூக்கமின்மை. இவ்வளவும் நாத்தனாருக்காக எழுதியது என்று நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் இப்படிப்பட்டதை எனக்கு எழுதத் தெரியாது, விட்டுவிடு.

இதை அவரிடம் சொல்கிற வேலையை உனக்குத் தரப் போவதில்லை. ஏற்கெனவே நடுவில் நிற்க வைத்தது போதும். நாளைக் காலை நானே போன் செய்கிறேன். நீ எடுத்தால் அவர் கையில் கொடுக்கச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்து, நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன். என் ஊகம் இது: அவர் கத்துவார், நீ அழுவாய், நான் நிதானமாக இருப்பேன்.

ஏப்ரல் 25

நீ போனை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாய். அதனால் உனக்குக் கேட்டிருக்காது.

“எப்படி இருக்கே?” என்றார்.

“நல்லா இருக்கேன். நீங்க வர வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அவர் கத்தவில்லை.

“யோசிச்சுத்தான் சொல்றியா?”

“ஆமாம்.”

“அன்னிக்கு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே உன்கிட்ட கேட்டிருந்தா?”

“தெரியல” என்றேன். தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

“சரி. துறைமுகத்துக்கு இன்னிக்கே சொல்லிடறேன்” என்றார். அதன் பிறகும் போனை வைக்கவில்லை. “அவளுக்கு எழுதறதை மட்டும் நிறுத்திடாதே. நான் வந்ததுலருந்து பாக்கறேன், தபால்காரர் குரல் கேட்டா என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடறா.”

“நிறுத்த மாட்டேன்.”

“உடம்பைப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டார். நீ வந்து போனை வாங்கினாய். அழவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. “அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கே, மழையில நனைஞ்சீங்களா?” என்று மட்டும் கேட்டாய்.

ஆமாம் என்றேன்.

இங்கே காலையிலிருந்து நல்ல வெயில்.

அண்ணி